எழுத்துக்குள் நிற்கும் நிறம்

பரிசளிப்பு விழா மேடையில் கைக்கு வரும் விருதுப் பலகையைப் பெரும்பாலும் யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. பெயர் பிழையில்லாமல் இருக்கிறதா, ஆண்டு சரியா என்று பார்ப்பார்கள். பிறகு அது வீட்டுச் சுவருக்குப் போய்விடும். அதே பலகையைச் சன்னலோரம் கொண்டுபோய் ஓர் உருப்பெருக்கும் கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தால் வேறு கதை தெரியும். செம்பழுப்பு மகோகனியில் குழித்து வெள்ளை நிரப்பிய எழுத்து. அதன் கிடைக்கோடுகளின் மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் சுத்தமாக இருக்கின்றன. நிலைக்கோடுகள் அப்படி இல்லை. இடமும் வலமுமாக மெல்லிய வெள்ளை இழைகள் கிளம்பி, இரண்டு மூன்று மில்லிமீற்றர் தூரம் மரத்துக்குள் ஓடியிருக்கின்றன.

செய்தவரின் கை நடுங்கியதால் வந்த குறை அல்ல இது. எழுத்தைக் குழித்தது கையே அல்ல, கணினி ஓட்டிய லேசர். அது ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்குகூட விலகியிருக்காது. அப்படியானால் நிறம் ஏன் கோட்டைத் தாண்டியது? ஏன் பக்கவாட்டில் மட்டும் ஓடியது? விடை மரத்தின் உடலில் இருக்கிறது. அதற்கான மருந்து, கட்டுகஸ்தோட்டையிலிருந்து மாத்தளைக்குப் போகும் பாதையில் பல நூற்றாண்டுகளாகக் கைமாறி வந்த தொழில்களில் இருக்கிறது.

கண்டி நகரைத் தாண்டி மகாவலி கங்கையைக் கடக்கும் இடம் கட்டுகஸ்தோட்டை. ஏ-9 வீதியும், 1880இல் திறந்த மாத்தளைப் புகையிரதப் பாதையும் இவ்வூர் வழியாகவே வடக்கே போகின்றன. ஆற்றோரத்தில் நிற்கும் புனித அந்தோனியார் கல்லூரி 1854இல் தொடங்கியது. அங்கே படித்த முத்தையா முரளிதரன், உலகம் அறியுமுன்னே, 1991இல் ஆண்டின் சிறந்த பாடசாலைக் கிரிக்கெட் வீரருக்கான விருதைப் பெற்றார். கண்டியைச் சுற்றிலும் பாடசாலைகள் ஏராளம். பரிசளிப்பு விழா, விளையாட்டு விழா, பிரியாவிடை, ஓய்வுபெறும் ஆசிரியருக்குப் பாராட்டு என்று ஆண்டு முழுவதும் பலகைகள் தேவைப்படுகின்றன. ஒரே பலகையில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் வர வேண்டியிருப்பதும் உண்டு. ஆகவே இங்கே எழுத்து நுணுக்கமாக விழவேண்டும்.

அரை மில்லிமீற்றர் மரம்

இப்போதைய விருதுப் பலகை முழு மரமாக இருப்பது குறைவு. மரநாரை யூரியா-போமல்டிகைட்டுப் பசையில் அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகைதான் உள்ளே இருக்கும். அதன் மேல் மகோகனி, தேக்கு, பலா போன்ற மரத்தை மெல்லிய தாளாகச் சீவி ஒட்டியிருப்பார்கள். அதுதான் வெனியர். அதன் தடிப்பு பெரும்பாலும் அரை மில்லிமீற்றரைச் சுற்றித்தான். கண்ணுக்குத் தெரியும் அழகு முழுவதும் அந்த அரை மில்லிமீற்றருக்குள் அடங்கிவிடுகிறது. லேசர் வேலை செய்ய வேண்டியதும் அதற்குள்தான்.

மரத்தைக் குழிக்கப் பட்டறைகளில் அதிகம் பயன்படுவது காபனீரொட்சைட்டு லேசர். உலகின் முதல் லேசரை 1960 மே 16 அன்று அமெரிக்காவில் தியடோர் மைமன் ஒரு மாணிக்கக் கோலைக் கொண்டு இயக்கிக் காட்டினார். நான்கு ஆண்டு கழித்து, 1964இல், பெல் ஆய்வுக்கூடத்தில் காபனீரொட்சைட்டு லேசரை உருவாக்கியவர் குமார் பட்டேல். மகாராஷ்டிராவின் பாராமதியில் பிறந்து, பூனாவில் பொறியியல் படித்து, ஸ்டான்போர்டில் முனைவர் பட்டம் பெற்றவர். இவ்வகை லேசர் இயங்கும் வழி நேர்த்தியானது. குழாய்க்குள் காபனீரொட்சைட்டு, நைதரசன், ஈலியம் மூன்றையும் கலந்து மின்சாரம் பாய்ச்சுவார்கள். மின்சாரத்தின் சக்தியை முதலில் வாங்கிக்கொள்வது நைதரசன். அது காபனீரொட்சைட்டு மூலக்கூறுடன் மோதும்போது அச்சக்தியை அப்படியே கைமாற்றிவிடுகிறது. இரண்டின் சக்திப்படிகளும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருப்பதால் மாற்றம் எளிதாக நடக்கிறது. மிஞ்சும் வெப்பத்தை ஈலியம் வெளியேற்றுகிறது.

வெளிவரும் கதிர் கண்ணுக்குத் தெரியாது. அலைநீளம் 10.6 மைக்ரோமீற்றர், ஆழ்ந்த அகச்சிவப்பு. சாதாரணக் கண்ணாடி இதை ஊடுருவ விடாது. அதனால் இயந்திரத்தின் வில்லை நாகமும் செலனியமும் சேர்ந்த மஞ்சள் நிறப் பளிங்கால் ஆனது. மரமோ இக்கதிரை ஆவலோடு விழுங்குகிறது. மரத்தின் ஏறக்குறைய பாதி செல்லுலோசு. அதிலுள்ள காபன்-ஒட்சிசன் பிணைப்புகள் அதிர்வதும் இந்த அலைநீளத்துக்கு அருகிலேதான்.

சின்ன வயதில் பூதக்கண்ணாடியால் வெயிலைக் குவித்துக் காகிதத்தை எரித்தவர்களுக்கு இதன் அடிப்படை தெரியும். அளவுதான் வேறு. 40 வாற்று லேசரை 0.15 மில்லிமீற்றர் புள்ளியில் குவித்தால், நண்பகல் வெயில் அதே பரப்பில் தருவதைப் போல் இருபது இலட்சம் மடங்குக்கு மேற்பட்ட வலு அங்கே விழும். லேசர்த் தலை வினாடிக்கு 300 மில்லிமீற்றர் வேகத்தில் ஓடினால், ஒரு புள்ளியின் மேல் அது தங்குவது ஆயிரத்தில் அரை வினாடி மட்டுமே.

அந்த அரை மில்லிவினாடியில் மரம் உருகுவதில்லை. மரம் உருகாத பொருள். உருகும் வெப்பநிலைக்குப் போகுமுன்பே அதன் மூலக்கூறுகள் உடைந்துவிடும். ஏறக்குறைய 220 பாகையில் ஹெமிசெல்லுலோசு சிதையத் தொடங்குகிறது; 315 பாகைக்கு மேல் செல்லுலோசு; லிக்னின் மெதுவாக, மிக அகன்ற வெப்பநிலை எல்லையில் சிதைகிறது. வாயுவும் தாரும் புகையாகப் போக, கொஞ்சம் கரி மிஞ்சும். மரம் வெப்பத்தை மெதுவாகக் கடத்தும் பொருள் என்பதால், இவ்வளவு குறைந்த நேரத்தில் சூடு பக்கவாட்டில் பரவுவது ஒரு மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்கு அளவே. எழுத்தின் விளிம்பு கூர்மையாக வருவது இதனால்தான். தலை மெதுவாக ஊர்ந்தால் சூடு பரவி விளிம்பு கருகும். ஆகவே நல்ல வேலையாட்கள் வேகத்தைக் குறைத்து ஆழம் தேடமாட்டார்கள். வேகத்தைக் கூட்டி, தேவையானால் இரண்டு முறை ஓட்டுவார்கள்.

கண்டியின் நைப்புக் காற்றும் இதில் தலையிடுகிறது. காற்றின் ஈரப்பதன் 60 சதவீதமாக இருக்கும்போது மரம் தன் எடையில் 11 சதவீதம் அளவு நீரைப் பிடித்துவைத்திருக்கும். 80 சதவீதமானால் 16 சதவீதம். பலகையின் ஒரு பக்கத்தில் மட்டும் வெனியர் இருந்தால் அப்பக்கம் விரிந்து பலகை வளையும். குவிந்த லேசர்க் கதிர் தன் கூர்மையைக் காத்துக்கொள்வது மேலும் கீழும் ஒன்றரை மில்லிமீற்றர் அளவுக்குத்தான். பலகையின் மூலை இரண்டு மில்லிமீற்றர் தூக்கினாலே அங்குள்ள எழுத்து தடித்து ஆழம் குறையும். பின்பக்கமும் ஒரு வெனியர் ஒட்டுவதும், மழைக்காலத்தில் பலகைகளை ஓரிரு நாள் பட்டறைக்குள்ளேயே வைத்திருந்து வேலைக்கு எடுப்பதும் இக்காரணத்தால்தான்.

பள்ளத்திலிருந்து தப்பும் நிறம்

குழிப்பு முடிந்தது. இனித்தான் உண்மையான சோதனை.

மரம் உயிரோடிருந்தபோது வேரிலிருந்து இலைக்கு நீரை ஏற்றிய நுண்குழாய்கள் அதன் உடல் முழுக்க ஓடுகின்றன. மகோகனியில் அவற்றின் விட்டம் 0.1 முதல் 0.2 மில்லிமீற்றர் வரை இருக்கும். வெனியரில் காணும் சிறு கோடுகள் அக்குழாய்களின் வெட்டுத் தோற்றமே. வெனியரைச் சீவும்போது அவை மேற்பரப்புக்கு இணையாகப் படுத்துவிடுகின்றன. குழாய்கள் இடம்வலமாகப் படுத்திருக்கும் பலகையில் லேசர் ஒரு நிலைக்கோட்டைக் குழித்தால், வழியிலுள்ள ஒவ்வொரு குழாயையும் குறுக்கே அறுத்து வாயைத் திறந்துவிடுகிறது. கிடைக்கோடு குழாய்களின் போக்கிலேயே போவதால் திறக்கும் வாய்கள் குறைவு. உருப்பெருக்கும் கண்ணாடியில் தெரிந்த வேறுபாட்டுக்குக் காரணம் இதுதான்.

திறந்த வாயில் பெயின்ட் பட்டதும் மயிர்த்துளைக் கவர்ச்சி அதை உள்ளே இழுக்கிறது. இந்த ஓட்டத்துக்கு 1918இல் ரிச்சர்ட் லூக்காசும் 1921இல் எட்வர்ட் வாஷ்பர்னும் தனித்தனியே ஒரு சமன்பாட்டைத் தந்தார்கள். திரவம் ஓடும் தூரத்தின் வர்க்கம், குழாயின் ஆரைக்கும் நேரத்துக்கும் நேர்விகிதம். திரவத்தின் பாகுநிலைக்கு எதிர்விகிதம். பெயின்ட் ஓடுகிறதா, இன்னும் கெட்டியாகக் கலக்கினால் போதும் என்று நினைப்பது இயல்பு. சமன்பாடு அந்த நம்பிக்கையைக் கலைத்துவிடுகிறது. பாகுநிலையை நூறு மடங்கு கூட்டினாலும் ஓடும் தூரம் பத்தில் ஒன்றாகத்தான் குறையும். தண்ணீரைவிட ஆயிரம் மடங்கு பாகான பெயின்ட்கூட, 0.1 மில்லிமீற்றர் குழாயில் ஒரு நிமிடத்தில் கணக்குப்படி ஆறு மில்லிமீற்றருக்கு மேல் போகலாம். குழாய்க்குள் படிந்த பிசின் தடுப்பதாலும், பெயின்ட் காயத் தொடங்குவதாலும் பெரும்பாலும் இரண்டு மூன்றில் நின்றுவிடுகிறது.

தமிழ் எழுத்துக்கு இந்த இரண்டு மில்லிமீற்றர் பெரிய தூரம். ஐந்து மில்லிமீற்றர் உயரத்தில் ‘ண’ எழுதினால் ஒரு சுழிக்கும் அடுத்ததற்கும் இடையே அரை மில்லிமீற்றர் அளவு மரம்தான் மிஞ்சும். ஒரேயொரு குழாய் வழியாக நிறம் பாய்ந்தாலே இரு சுழிகளும் ஒட்டிக்கொள்ளும். மெய்யெழுத்தின் புள்ளி அதைவிடச் சிறியது. அது பரவி மங்கினால் பெயரே மாறிப்போகும். ஒரு பிள்ளை ஆயுள் முழுக்க வைத்திருக்கப்போகும் பலகையில் அந்தப் புள்ளி தெளிவாக இருக்கவேண்டியது கட்டாயம்.

கெட்டியாக்கிப் பயனில்லை என்றால் மிஞ்சும் வழி ஒன்றுதான். குழாயின் வாயை அடைக்க வேண்டும். மேற்பரப்பு நிறத்தை மறுக்க வேண்டும். பள்ளம் நிறத்தைப் பிடித்துவைக்க வேண்டும், ஆனால் குடிக்கக் கூடாது. இந்த விதியை இந்தப் பகுதியின் பழைய தொழிலாளர்கள் சமன்பாடு இல்லாமலே கைக்கொண்டிருந்தார்கள்.

அளுவிகாரையும் ஹபுவிடவும்

கட்டுகஸ்தோட்டையிலிருந்து ஏ-9 வீதியில் மாத்தளை நகரைத் தாண்டியதும் அளுவிகாரை வருகிறது. கி.மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி மன்னன் காலத்தில், அதுவரை வாய்மொழியாக இருந்த திரிபிடகம் முதன்முதலாக ஓலையில் எழுதப்பட்ட இடம் இதுவே என்பது மரபு. ஓலையில் எழுத்தாணியால் எழுதுவதைப் பார்க்க இன்றும் அங்கே பயணிகள் வருகிறார்கள்.

அந்த வேலையைப் படிப்படியாகக் கவனித்தால், விருதுப் பலகையின் வேலையே கண்முன் நடக்கிறது. தாளிப்பனையின் இளங்குருத்தை அவித்து, உலர்த்தி, உருண்டைத் தடியில் இழுத்துத் தேய்த்து வழவழப்பாக்குகிறார்கள். இது மேற்பரப்பைத் தயார்செய்யும் படி. எழுத்தாணி ஓலையின் இறுகிய மேற்தோலைக் கீறி உள்நாரைத் திறக்கிறது. அப்போது எழுத்து கண்ணுக்குச் சரியாகத் தெரிவதில்லை. பிறகு கரித்தூளைக் குங்கிலிய எண்ணெயில் குழைத்து ஓலை முழுவதும் பூசுகிறார்கள். கடைசியாகக் குரக்கன் மாவைத் தூவித் துடைத்ததும், மேலே நின்ற எண்ணெயை மா உறிஞ்சிக்கொண்டு போக, கருமை கீறலுக்குள் மட்டும் தங்கிவிடுகிறது. யாழ்ப்பாணத்திலும் தமிழ்நாட்டிலும் பனையோலைக்கு மஞ்சளும் கரியும் இலைச்சாறும் தடவி மையாடியதும் இதே முறைதான். நிறம் வழிதவறாமல் இருக்கக் காரணம் ஓலையின் மேற்தோல். அதில் நிறம் இறங்கத் துளை இல்லை.

கண்டி அரசு காலக் கைவினைஞர் இன்னொரு வழியையும் கண்டிருந்தார்கள். இதைப் பதிவுசெய்தவர் ஆனந்த குமாரசுவாமி. 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிம ஆய்வுப் பணியின் தலைவராக இருந்த புவியியலாளர் அவர். பாறைகளைத் தேடி ஊர் ஊராகப் போனபோது கண்டிப் பகுதியின் கைத்தொழில்களையும் அதே கவனத்தோடு குறித்துக்கொண்டார். 1908இல் வெளிவந்த மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய அவருடைய பெருநூலில், தந்தத்திலும் கொம்பிலும் சங்கிலும் கோலம் செதுக்கி, அப்பள்ளங்களில் நிற அரக்கை நிரப்பும் முறை விவரிக்கப்பட்டுள்ளது. இம்மூன்றிலும் மரத்திலுள்ளது போன்ற நீண்ட அகன்ற குழாய்கள் இல்லை. நிறம் ஓட வழியே கிடையாது.

அரக்கு ஒரு சிறு பூச்சியின் சுரப்பு. மரக்கிளைகளில் கூட்டமாக ஒட்டி வாழும் பெண்பூச்சிகள் தம்மை மூடிக்கொள்ளச் சுரக்கும் பிசின் அது. சுத்தம் செய்த அரக்கு 65 பாகைக்கு மேல் இளகி, 75 பாகைக்கு மேல் உருகும். பழைய தொழிலாளர்கள் சிவப்புக்குச் சாதிலிங்கமும் மஞ்சளுக்கு அரிதாரமும் அதில் சேர்த்துப் பிசைந்தார்கள். மாத்தளை மாவட்டத்தின் ஹபுவிட கிராமத்தில் இத்தொழில் இன்றும் இருக்கிறது. அங்குள்ளவர்கள் சூடாக்கிய அரக்கை நூலாக இழுத்து, கைப்பிடிகளிலும் செப்புகளிலும் கோலமாகப் பதித்து, மிஞ்சியதைக் கட்டைவிரல் நகத்தால் அறுப்பார்கள். காய்ந்த ஓலைத் துண்டால் தேய்த்து மினுக்குவார்கள்.

பெயின்டுக்கும் அரக்குக்கும் இடையே இங்கே ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. பெயின்ட் காய்வது அதிலுள்ள நீரோ கரைப்பானோ ஆவியாவதால். ஆவியான அளவுக்கு அது சுருங்கும். அதனால்தான் பள்ளத்தை நிரம்ப ஊற்றினாலும் காய்ந்தபின் நடுவில் குழி விழுகிறது. இரண்டு மூன்று முறை நிரப்ப வேண்டியிருக்கிறது. உருகிய அரக்கு குளிர்ந்துதான் இறுகுகிறது. ஆவியாகிப் போவதற்கு அதில் எதுவுமில்லை. மேலும் அது சூடாக இருக்கும்வரைதான் ஓடும். குளிர்ந்த மரத்தின் குழாய்க்குள் நுனி நுழைந்ததும் அங்கேயே உறைந்து, பின்னால் வருவதற்கு வழியை மூடிவிடுகிறது.

பட்டறை மேசையில்

மகோகனி வெனியருக்கு இந்த விதியைப் பொருத்தும் முறை இனி எளிதாகப் புரியும். முதலில் பலகைக்கு மர அடைப்பான் பூசி, காய்ந்ததும் மெல்லிய அரத்தாளால் தேய்த்து, மேலே லாக்கர் அடிக்கிறார்கள். ஓலையின் மேற்தோல் செய்த வேலையை இப்பூச்சு செய்கிறது. அதன்மேல் ஒட்டும் காகித மறைப்பு ஒட்டி, காற்றுக் குமிழ் இல்லாமல் அழுத்துகிறார்கள். லேசர் மறைப்பையும் பூச்சையும் மரத்தையும் ஒன்றாகக் குழித்துச் செல்கிறது. புகையில் வரும் தார் மறைப்பின் மேல் படிவதால் எழுத்தைச் சுற்றிப் பழுப்பு வளையம் விழுவதில்லை.

ஆழம் 0.3 மில்லிமீற்றருக்குள் நின்றால் நல்லது. வெனியரைத் துளைத்துவிட்டால் கீழே பசையும் எம்.டி.எஃப். நாரும் வந்துவிடும். அந்த நார்ப்பரப்பு எல்லாப் பக்கமும் நிறத்தை உறிஞ்சும்.

அடுத்து பலர் விட்டுவிடும் இரண்டு படிகள். ஒன்று, பள்ளத்தின் கரியை மென்மையான தூரிகையால் எடுப்பது. கரி இருந்தால் வெள்ளை சாம்பலாகும், மஞ்சள் அழுக்காகும்; பெயின்ட் மரத்தைப் பிடிக்காமல் கரியைப் பிடித்துப் பிறகு உதிரும். இரண்டு, பள்ளத்துக்குள் மெல்லிய தெளிபூச்சு அடிப்பது. மேற்பரப்பில் முதலில் அடித்த பூச்சு இங்கே உதவாது. லேசர் புதிதாக அறுத்துத் திறந்த குழாய் வாய்கள் பள்ளத்தின் சுவரில் இருக்கின்றன. அவற்றை லேசர் ஓடிய பிறகே அடைக்க முடியும். மதுசாரத்தில் கரைத்த அரக்கு இதற்கு அருமையான பொருள். அது நிமிடங்களில் காய்ந்துவிடும். அதன்மேல் நீர்சார்ந்த அக்ரிலிக் பெயின்ட் நன்றாகப் பிடிக்கும். லாக்கர் கரைப்பான் கலந்த பெயின்ட் என்றால் கீழுள்ள பூச்சையே கரைத்துவிடக்கூடும். ஒரே தடவையில் நிரப்பாமல் மெல்லிய அடுக்குகளாக அடித்து, கடைசி அடுக்கு முழுதாக இறுகுமுன் மறைப்பை உரிக்க வேண்டும். முற்றாக இறுகிய பின் உரித்தால் விளிம்பும் சேர்ந்து பிய்ந்து வரும்.

மறைப்புக்கு வைனைல் ஸ்டிக்கர் தாளை மட்டும் பயன்படுத்தவே கூடாது. அது பி.வி.சி. லேசர் பட்டதும் ஐதரசன் குளோரைட்டு வாயு கிளம்பும். ஈரக்காற்றில் அது அமிலமாகி, வேலை செய்பவரின் நுரையீரலையும் இயந்திரத்தின் உலோகப் பாகங்களையும் அரிக்கும்.

இவை எல்லாவற்றுக்கும் பலகைக்கு மேலதிகமாக ஒரு மணி நேரம் செலவாகலாம். விழா நாள் நெருங்கும்போது அந்த ஒரு மணி நேரம்தான் முதலில் கைவிடப்படுகிறது. பலகை வாங்கும் பாடசாலைகள் சற்று முன்கூட்டியே பெயர்ப்பட்டியலைக் கொடுத்தால் இதில் பாதிக் குறை தீரும்.

மாணவர்கள் செய்துபார்க்க ஒரு சோதனை இருக்கிறது. ஒரே மகோகனி வெனியர்த் துண்டில் ஒரே எழுத்தை மூன்று முறை குழியுங்கள். முதலாவதில் பெயின்டை அப்படியே ஊற்றுங்கள். இரண்டாவதில் பள்ளத்தை அரக்குக் கரைசலால் அடைத்துவிட்டுப் பெயின்ட் நிரப்புங்கள். மூன்றாவதில் ஹபுவிட முறைப்படி, பெரியவர் ஒருவரின் துணையோடு, நிற அரக்கையே இளக்கி நிரப்புங்கள். நிலைக்கோட்டின் ஓரத்தில் நிறம் எத்தனை மில்லிமீற்றர் ஓடியது, காய்ந்தபின் நடுவில் எவ்வளவு தாழ்ந்தது என்று அளந்து எழுதிவையுங்கள். ஒரு வருடம் கழித்து, ஒரு மழைக்காலம் கடந்தபின், அதே இடங்களை மறுபடி அளந்துபாருங்கள். கட்டுகஸ்தோட்டைக்கு ஒரு பக்கம் பேராதனைப் பல்கலைக்கழகம், மறுபக்கம் ஹபுவிட. அளக்கத் தெரிந்தவர்களும் அரக்கை இழுக்கத் தெரிந்தவர்களும் ஒரு பஸ் பயணத் தூரத்துக்குள்தான் இருக்கிறார்கள்.